கல்லூரி நிதி திரட்டல்: கிழங்கும் மீனுமா, வடம் இழுப்பா?

கிழங்குக்கடை: நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி. மூணு மாணவர் மன்றம் சேர்ந்து ஒருநாள் நிகழ்ச்சி. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குப் போற நம்ம மாவட்ட நோயாளிகளுக்கு வழிச்செலவு கொடுக்கணும். என் திட்டம்: மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), மீன்கறி, பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) கடை. சாயந்தரம் 50 ரூபா கூப்பன் குலுக்கல், பரிசு ஒரு சைக்கிள். அக்டோபர்ல வைக்கலாம்.

வடக்கயிறு: முதல்ல குலுக்கலைத் தூக்குங்க அண்ணே. தமிழ்நாட்டுல 2003லேயே லாட்டரிக்குத் தடை. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள்ள போனா கடைக்குக் கடை லாட்டரிச் சீட்டு தொங்குறதால, நம்ம பிள்ளைகளுக்கு இது தப்புன்னே தோணாது. காசு வாங்கி, நம்பர் கொடுத்து, அதிர்ஷ்டத்துல பரிசுன்னா தர்ம காரியம்னு சொல்லித் தப்ப முடியாது. அக்டோபரும் ஆகாது, ரெண்டு பருவமழையும் வாங்குற மாவட்டம் இது. தை கடைசியில வடம் இழுப்பு, அதான் கயிறு இழுக்குற போட்டி வைங்க. 16 அணி, அணிக்கு 8 பேர், ஆளுக்கு 100 ரூபான்னா 12,800. செலவு கயிறும் சுண்ணாம்பும்தான்.

கிழங்குக்கடை: குலுக்கலை விட்டாச்சு. ஆனா வடத்துல 128 பேருதான் காசு கொடுப்பான், மத்தவன் வேடிக்கை பாப்பான். சாப்பாடுன்னா எல்லாரும் வாங்குவான். 50 கிலோ கிழங்குக்குத் தோல், நார் போக 150 தட்டு வரும். தட்டு 60ன்னா 9,000.

அடுப்படி: அந்த 9,000ல கிழங்கு, மீன், தேங்காய், கேஸ், பாக்குமட்டைத் தட்டு எல்லாம் போகணும். பாதி மிஞ்சினாலே பெரிசு. பத்து மணிக்கு வச்ச மீன்கறியை ரெண்டு மணிக்கு வெயில்ல விளம்புறது வம்பு. மீனை விட்டுட்டு காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி, புளி, உப்பு சதைச்ச சம்மந்தி (துவையல்) வைங்க, மேல ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். கிழங்கை மூடாம வேகவச்சு முதல் தண்ணியைக் கொட்டிடணும், கட்டு, அதாவது கிழங்குல உள்ள நச்சு, அதுல போயிடும். மொத்தத்தையும் ஒரே தடவை அவிக்காதீங்க, ஆறினா கல்லு மாதிரி இறுகும். 15 கிலோவா மூணு ஈடு, கடைசி 5 கிலோ கையிருப்பு. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாதான், அதையும் முடிச்சிடுங்க.

கிழங்குக்கடை: உங்க வடத்துக்கும் ஆபத்து இருக்கு, அதைச் சொல்லலியே!

வடக்கயிறு: இருக்கு. கையில கயிறைச் சுத்தினா விரலே போகும். சுத்தக் கூடாது, முடிச்சும் கூடாது. நடுவர் ஒவ்வொரு கையா பாத்துட்டுத்தான் விசில் அடிக்கணும். நைலான் வேண்டாம், நீண்டுட்டு அறும்போது சாட்டையா அடிக்கும். முறைப்படி சுற்றளவு 10 முதல் 12.5 செ.மீ., நீளம் குறைஞ்சது 33.5 மீட்டர். நடுவுல சிவப்புத் துணி, அங்கிருந்து ரெண்டு பக்கமும் 4 மீட்டர்ல வெள்ளைத் துணி. தரையில ஒரே ஒரு கோடு, எதிரணியோட வெள்ளை அதைத் தாண்டினா ஜெயம். எட்டு பேரையும் எடை போட்டுக் கூட்டுத்தொகை ரெண்டு அணிக்கும் ஒத்து வருதான்னு பாருங்க, இல்லேன்னா ஹாஸ்டல் தடியன்மார் முதல் சுத்துலேயே ஆட்டத்தை முடிச்சிருவாங்க. 16 அணிக்கு 15 ஆட்டம், மூணுல ரெண்டுன்னா மூணு மணி நேரம் பிடிக்கும்.

கணக்கன்: ரெண்டையும் வைங்க, காசு மட்டும் ஒரே இடத்துல வாங்கணும். கடைக்காரன் கையில பணம் வேண்டாம், எண் போட்ட 10 ரூபா கூப்பன் போதும். சாயந்தரம் அடிக்கட்டையும் டப்பாவுல விழுந்ததையும் ஒத்துப் பாத்தா ஓட்டை தெரிஞ்சிடும். மாணவன் சொந்த ஜிபே எண்ணை ஒட்டாதீங்க, மன்றத்துக் கணக்கோட கியூஆர் மட்டும். ஸ்கிரீன்ஷாட் காட்டினா கூப்பன் கிடையாது, சவுண்ட் பாக்ஸ் பேசணும்.

குலுக்கலுக்குப் பதிலா ஏலம் விடுங்க. சர்ச்சுல அறுப்பின் பண்டிகை ஏலம் பாத்த ஊரு, யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நம்ம ஊர் மட்டி வாழைக் குலைக்கு 2023ல புவிசார் குறியீடும் வந்தாச்சு, மைக்ல அதைச் சொல்லியே விலையை ஏத்தலாம்.

கிழங்குக்கடை: எத்தனை குலை?

கணக்கன்: அஞ்சு. அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவுல விடுங்க, ஆறாவது குலைக்குக் கூட்டம் பஸ் ஸ்டாப்புல நிக்கும்.