புதுப்பிப்பு: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரையில் எடுத்த படங்களின் வெள்ளைத் திட்டு

கடல் வற்றும்போது நீர் தேங்கி நிற்கும் பாறைக் குழிகளில் எடுத்த படங்களில் வானம்தான் வெள்ளைத் திட்டாகப் பிரதிபலித்துத் தெரிகிறது, உயிரினம் தெரியவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். லென்ஸின் முன் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடியான போலரைசிங் ஃபில்டரைப் போடச் சொன்னீர்கள். அமாவாசைக்கு மறுநாள், கடல் நன்றாக வற்றியிருந்தபோது போட்டுப் பார்த்தேன். வளையத்தைத் திருப்பத் திருப்ப நீரின் பளபளப்பு மங்கி, அடியில் கிடந்த கடல் அட்டையின் தோல் சுருக்கம்வரை தெரிந்தது! நேர் மேலிருந்து எடுத்தால் பயனில்லை. கேமராவைச் சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும். வெளிச்சம் குறைவதால் கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை உயர்த்திக்கொண்டேன். குடை பிடித்து நிழல் தந்த மைத்துனருக்குத்தான் கை வலி.

ஒரு திருத்தம். போன மாதப் பதிவில் 'ஓடில்லாத நத்தை' என்று நான் எழுதியது கடல் முயல் என்ற கடல் நத்தை வகை. சீண்டினால் ஊதா நிற மை விடும். அன்று குழி கலங்கியது நான் அதைச் சீண்டியதால்தான். இந்த முறை எதையும் தொடவில்லை. கூம்பு வடிவச் சங்குகளை நீங்களும் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றின் நஞ்சு ஆளையே கொன்றுவிடும்.

தீவுகளுக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால்வைக்க முடியாது. கரையோரக் குழிகளே எனக்கு இன்னும் தீரவில்லை.