ஏசி ஹாலுக்குள் செஞ்சிலந்திப் பேன்

வீட்டுச் செடிகளுக்கு வரும் தொல்லைகள் பற்றிய பேச்சில் எல்லோரும் மாவுப்பூச்சி பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பாடாய்ப் படுத்தியது செஞ்சிலந்திப் பேன், இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சின்ன உயிர். மாடியில் ரோஜாவுக்கு வருவது தெரிந்த கதை. ஹாலுக்குள்ளும் வரும். சென்னையில் வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் ஏசி ஓடும் அறையில் காற்று காய்ந்துவிடுகிறது. காய்ந்த காற்றுதான் இந்தப் பேனுக்குக் கொண்டாட்டம்.

முதலில் மாட்டியது அலோகேசியா என்ற பெரிய இலை அழகுச் செடி. இலையில் ரவை தூவின மாதிரி வெளிர்ப் புள்ளிகள். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வீட்டில் ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இலையைத் திருப்பினால் நடுநரம்பை ஒட்டி மெல்லிய நூலாம்படை. கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டினேன். விழுந்தது வெறும் தூசி என்றுதான் தோன்றியது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தத் தூசி நடக்கிறது! அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சிவப்பாக இருக்கும் என்று தேடாதீர்கள். என் செடியில் இருந்தவை வெளிர் மஞ்சள், உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளி.

கீழ்வீட்டு அக்காவின் குரோட்டன்ஸுக்கும் இதே தொல்லை. கடையில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கொடுத்தார்களாம், அடித்தும் ஒன்றும் குறையவில்லை. எப்படிக் குறையும்? இது பூச்சியே இல்லை, சிலந்தி வகையைச் சேர்ந்த எட்டுக்கால் உயிர். அசுவினிக்குக் கேட்கிற அந்த மருந்து இதற்குக் கேட்காது. அதை அடித்தால் சில சமயம் பேன் கூடிவிடுவதும் உண்டு.

எனக்குக் கைகொடுத்தது தண்ணீர்தான். தொட்டி மண்ணை பாலிதீன் கவரால் மூடிக் கட்டி, செடியை பாத்ரூமில் சாய்த்து வைத்து, ஹேண்ட் ஷவரால் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகப் பீய்ச்சினேன். பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. அப்புறம் சாயங்காலமாக, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பார்த்துவிடுங்கள், சில செடிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டில் இரண்டு நாள் அந்த வாடை இருக்கும், சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு தடவையோடு நிறுத்தினால் எல்லாம் வீண். முட்டைகள் தப்பிவிடும். வெயில் காலத்தில் முட்டை பொரித்து, வளர்ந்து, அதுவும் முட்டையிட ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் 5 நாளுக்கு ஒருமுறை, குறைந்தது 3 அல்லது 4 தடவை அடிக்க வேண்டும். நனையும் கந்தகமும் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) கேட்கும், ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆவதற்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். வீட்டுக்குள் கந்தகம் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்தில் இருந்த கலாத்தியா என்ற இன்னொரு அழகுச் செடியைக் காப்பாற்ற முடியவில்லை. கவரில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போட்டேன், கம்போஸ்ட் தொட்டிப் பக்கம்கூடக் கொண்டுபோகவில்லை. அலோகேசியாவின் பழைய இலைகளில் புள்ளி அப்படியேதான் இருக்கிறது, அது மறையாது. புதிதாக விரியும் இலை சுத்தமாக வந்தால் சரி.

இந்தப் பேனைப் பிடித்துத் தின்னும் வேறொரு வகைப் பேனை வெளிநாடுகளில் விலைக்கு விற்கிறார்கள். நம் ஊரில் வாங்கி வீட்டுச் செடியில் விட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?