புதுப்பிப்பு: லாப்ரடார் காதைச் சொறிந்துகொண்டே இருந்தது, இப்போது சரியாகிவிட்டது

எங்கள் லாப்ரடார் நாய் மணி ஓயாமல் காதைச் சொறிகிறான், புளித்த வாடை வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 'எண்ணெய் ஊற்றாதீர்கள், காது அழுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. டாக்டர் பார்த்ததில் ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) தொற்று. இரண்டு வாரம் காது கழுவும் மருந்து, சொட்டு மருந்து. நான்காம் நாளே தலையை உதறுவது குறைந்தது. ஆனாலும் மறுபடி சோதித்த பிறகுதான் நிறுத்தினோம்.

எதிர்பார்க்காத காரணம், சோழவந்தான் தோட்டத்துக் கிணற்றுக் குளியல். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிவிடுகிறது. நீச்சலை நிறுத்த மனசு வரவில்லை, அவனுக்கு அதுதான் உயிர். கரையேறியதும் பஞ்சால் துடைக்கிறோம், பட்ஸ் விடுவதில்லை.

அப்புறம், எடை 41 கிலோ! ஆண் லாப்ரடாருக்கு 29 முதல் 36 கிலோதான் அளவு. சோற்றைக் குறைத்திருக்கிறோம்.