மோட்டர் சூடு: பினியனைக் குறைப்பதா, ரைமிங்கைக் குறைப்பதா?

அண்ணாமார், தம்பிமார், ஒரு உதவி வேண்டும்.

உரும்பிராயில் ஒரு செம்மண் காணியில் ஞாயிறு பின்னேரங்களில் ஆர்சி கார் (ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார்) ஓட்டுகிறோம். என்னுடையது பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர இழுவை பக்கி. 13.5 சுற்று (உள்ளே கம்பி சுற்றிய எண்ணிக்கை) சென்சர் பிரஷ்லெஸ் மோட்டர், இரண்டு செல் லைப்போ பற்றரி, 7.4 வோல்ட். ஸ்பர் (பெரிய பல்சக்கரம்) 72 பல், பினியன் (மோட்டர் தண்டில் பூட்டும் சின்னப் பல்சக்கரம்) 25, உள்கியர் விகிதம் 2.6. மொத்தக் கியர் விகிதம் கிட்டத்தட்ட 7.5 வருகிறது.

முதல் மூன்று நிமிடம் அருமையாக ஓடுகிறது. பிறகு வளைவிலிருந்து வெளிவரும்போது இழுவை செத்துவிடுகிறது. போன கிழமை நிறுத்தியவுடன் மோட்டரைத் தொட்டேன், இரண்டு எண்ணுமுன் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. வெப்பமானி 92 பாகை காட்டியது. இப்படியே ஓட்டினால் ரோட்டர் காந்தம் பலமிழந்துவிடும், அதுதான் பெரிய பயம். புதியது கொழும்பிலிருந்து வர வேண்டும்.

பின்மூடியின் மூன்று திருகாணியையும் தளர்த்தி ரைமிங்கை (சுருளுக்கு மின் போகும் நேரத்தை முன்தள்ளும் அளவை) கூட்டியது நான்தான். நேர் ஓட்டத்தில் வேகம் கூடியது உண்மை, ஆனால் மின்னோட்டமும் கூடத்தானே இழுக்கும்.

எதை முதலில் மாற்றுவது? ரைமிங்கைக் குறைப்பதா, 23 பல் பினியன் போட்டு 8.1க்குக் கொண்டுபோவதா? இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். இல்லை, புழுதித் தரைக்கு வேகம் குறைந்த 17.5 சுற்று மோட்டரே போதுமா? சித்திரை வெயிலில் ஓட்டிப் பழகியவர்கள் உங்கள் பல் எண்ணிக்கையையும், ஓடி முடிந்தபின் வந்த வெப்பத்தையும் எழுதுங்கள். சின்ன விசிறி பூட்டியவர்கள், செம்மண் உள்ளே போகாமல் என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.