சைமோலயேஸ் போட்டும் ஈஸ்ட் உடையவில்லை, ஜெல்லிலும் பட்டை இல்லை: உதவுங்கள்

தண்டையார்பேட்டை மாணவன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். ஈஸ்ட்டுக்குள் இருக்கும் ஒரு புரதத்தைச் சிதையாமல் எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க வளர்த்த கல்ச்சர், பிஎச் 7.5 ட்ரிஸ் பஃபர், 1 மோலார் சார்பிட்டால், அதில் சைமோலயேஸ் (ஈஸ்ட் சுவரைக் கரைக்கும் நொதி), 37 டிகிரி. ஒரு மணி நேரம் கழித்தும் மைக்ரோஸ்கோப்பில் செல்கள் முழுசாகவே இருக்கின்றன. நாலு மணி நேரம் விட்டால் புரதம் கொஞ்சம் வருகிறது, ஆனால் ஜெல்லில் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுவல். காலையில் கலக்கும்போதே பிஎம்எஸ்எஃப் (புரதம் சிதையாமல் காக்கும் தடுப்பான்) போட்டுவிட்டேன். ஃப்ரிட்ஜில் லைசோசைம் நிறைய இருக்கிறது, அதையும் சேர்க்கவா?

பெரம்பூர் அக்கா:
லைசோசைமைத் தொடாதே தம்பி. அது பாக்டீரியா சுவருக்கு. ஈஸ்ட் சுவரில் குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி, அதற்கு மேல் மேனோபுரோட்டீன் என்ற சர்க்கரை ஒட்டிய புரதம்.

முதலில் ஒன்று சொல். செல்கள் நீள்வட்டமாக இருக்கின்றனவா, உருண்டையாகவா? சுவர் போனாலும் சார்பிட்டால் செல்லை வெடிக்க விடாது, முழுசு மாதிரியே தெரியும். ஸ்லைடு ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்.

தண்டையார்பேட்டை மாணவன்:
விட்டேன் அக்கா. பாதி கண்ணெதிரே வெடித்துக் காணாமல் போனது! மீதி அசையவில்லை.

மணலிக்காரன்:
அசையாத பாதி பழைய கல்ச்சரால். வளர்ச்சி நின்ற ஈஸ்ட்டின் சுவர் தடித்துவிடும். ஓடி (கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.6, 0.8 இருக்கும்போதே அறுவடை செய்யுங்கள். சைமோலயேஸுக்கு முன் 10 மில்லிமோலார் டிடிடியில் கால் மணி நேரம் ஊறட்டும். மேனோபுரோட்டீன்களைப் பிணைக்கும் டைசல்ஃபைடு (கந்தகப் பிணைப்பு) டிடிடியால் அறுந்தால்தான் நொதி உள்ளே குளுக்கனைத் தொட முடியும். அப்புறம் கழுவிவிடுங்கள்.

ஜெல்லில் அந்த இழுவல், புரதத்தை வெட்டும் நொதியான புரோட்டியேஸின் வேலை. ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் இருப்பது போதாதென்று சைமோலயேஸ் தூளிலும் கொஞ்சம் ஒட்டிவரும். காலையில் போட்ட பிஎம்எஸ்எஃப் மதியம் எங்கே இருக்கும்? பிஎச் 7.5-இல், 25 டிகிரியிலேயே ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். உடைக்கும் நிமிடத்தில் புதிதாகப் போடுங்கள், கூடவே பெப்ஸ்டாட்டின் என்ற இன்னொரு தடுப்பான். வாக்குவோலின் புரோட்டினேஸ் ஏ-யை பிஎம்எஸ்எஃப் தடுக்காது. 37 வேண்டாம், 30 போதும்.

பெரம்பூர் அக்கா:
ஆமாம். சுவர் கரைந்ததும் மெதுவாகச் சுழற்றி சார்பிட்டாலை வடித்துவிட்டு, சார்பிட்டால் இல்லாத ஐஸ் பஃபரில் உடை. சார்பிட்டாலிலேயே வைத்துக்கொண்டு புரதம் வரவில்லை என்றால் எப்படி வரும்?

தண்டையார்பேட்டை மாணவன்:
இன்று செய்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீர்ச் சொட்டுக்கு ஏறக்குறைய எல்லாமே வெடித்தன. பட்டை மெலிதுதான், ஆனால் தனியாக நிற்கிறது. டிடிடி நாற்றத்துக்குப் பக்கத்து பெஞ்சில் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.