எறக்கத்துல மெக்சி ஸ்கூட்டர் எப்படி?

அண்ணன்மாரே, தம்பிமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. இந்தியாவுல 2025ல வந்த ஹீரோ சூம் 160 மெக்சி ஸ்கூட்டர் (சாதா ஸ்கூட்டிய விடப் பெரிய உடம்பு உள்ளது) மேல ஒரு கண்ணு. 156 சிசி, கூலண்ட் ஓடுற இன்ஜின், 14 அங்குல சக்கரம். ஏத்தம் இழுத்துடும், பயமெல்லாம் எறக்கத்துலதான்.

இப்ப இருக்கிற 110 ஸ்கூட்டியில வீட்டுக்காரியோட நுவரெலியாவுல இருந்து றம்பொடை வளைவுகள்ல எறங்கினா, பாதி வழியிலேயே பிரேக் கருகின வாசம். நிப்பாட்டி, பிளேன்டீ குடிச்சு, சக்கரம் ஆறினப்புறம்தான் மிச்சப் பயணம். கியரைக் குறைச்சுப் புடிக்கவும் வழியில்லையே!

150, 160 சிசி மெக்சி ஓட்டுறவங்க சொல்லுங்க: ஆக்ஸிலேட்டரை விட்டா இன்ஜின் கொஞ்சமாவது புடிக்குதா? தோட்டத்துக் கல் ரோட்டுல அடி தட்டுதா? கால் வைக்கிற எடத்துல நடுவுல மேடு இருக்கிறதால கேஸ் சிலிண்டர் வைக்க எடமில்லன்னு வீட்டுல இப்பவே முறைப்பு, அது வேற கதை.