தர்மபுரித் தண்ணீர்க் கறை: பெங்களூரில் பல் வெளுப்புச் சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பாலக்கோட்டான்:
அனைவருக்கும் வணக்கம். நான் தர்மபுரி மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே என் பற்கள் முளைத்துவிட்டன. ஏழு ஆண்டுகளாக எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிகிறேன். மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் குறுக்காகப் பழுப்புக் கோடுகளும், ஓரங்களில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெண்திட்டுகளும் உள்ளன. தை மாதம் எனக்குத் திருமணம். வீட்டருகே உள்ள ஒரு பல் மருத்துவமனையில், நீல விளக்கு வைத்து ஒரே மணி நேரத்தில் பற்களை வெளுத்துவிடலாம் என்று சொல்லிப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கறை எப்போதிலிருந்து இருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்காததுதான் எனக்கு உறுத்துகிறது. பணம் கட்டலாமா?

ஜெயநகர் பல் மருத்துவர்:
பற்களை நேரில் பார்க்காமல் உறுதி கூற இயலாது. ஆயினும் நீங்கள் விவரிப்பது ஃப்ளோரோசிஸ், அதாவது அளவுக்கு மிஞ்சிய ஃப்ளோரைடால் வரும் பல் பாதிப்பு, போலத் தெரிகிறது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சிறுவயதில், நிலைப்பற்கள் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து குடித்தவர்களுக்கு பல்லின் கடினமான மேலுறையான எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளைகளோடு அமைந்துவிடுகிறது. கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கத்திலிருந்தும் இதே பற்களோடு பலர் வருகிறார்கள்.

வெளுப்பு மருந்தில் உள்ள பெராக்சைடு எனாமலை ஊடுருவி, உள்ளே நிறம் தரும் பொருட்களைச் சிதைக்கிறது. ஆகவே பழுப்புக் கோடுகள் ஓரளவு மங்கும். வெண்திட்டுகளை அது அகற்றாது. சிகிச்சை முடிந்த கையோடு பல் நீர்வற்றி இருப்பதால், சில நாட்களுக்கு அவை முன்னைவிடத் துலக்கமாகவே தெரியும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகச் செய்துகொண்டால், புகைப்படத்தில் முதலில் கண்ணில் படுவது அந்தத் திட்டுகள்தான். உங்களைப் போன்றவர்களுக்கு மேற்பரப்பை அமிலம் கலந்த பசையால் மிக மெல்லிதாகத் தேய்த்தெடுக்கும் மைக்ரோ அப்ரேஷனும், திட்டுகளுக்குள் ரெசின் என்னும் பிசினை ஊறச் செய்யும் முறையும் தேவைப்படலாம். நீல விளக்கால் பெரிய ஆதாயம் இல்லை. வேலை செய்வது மருந்துதான்.

அல்சூர்வாசி:
நான் வீட்டில் செய்துகொள்ளும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். மருத்துவமனையில் பூசுவது பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரையிலான ஹைட்ரஜன் பெராக்சைடு. எனக்குத் தந்தது 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு, அதாவது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். பல்லுக்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில், பல் ஒன்றுக்கு அரிசி மணியளவு ஜெல் வைத்து இரவு முழுவதும் அணிய வேண்டும். முதல் நாள் ஆசையில் கூடுதலாக வைத்துவிட்டேன். வழிந்த ஜெல் பட்ட ஈறு வெளுத்து, காலை வரை எரிந்தது. நான்காம் இரவில் குளிர்ந்த நீர் பட்டாலே மண்டைக்குள் சுரீரென்றது. பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைப் பயன்படுத்தியும், ஒருநாள் விட்டு ஒருநாள் அணிந்தும் சமாளித்தேன். மூன்று வாரத்தில் நல்ல பலன் கிடைத்தது.

எனக்குக் குறை ஒன்று உண்டு. முன்பல் ஒன்றில் பழைய கேப் இருந்தது. கேப்பும் பல் நிறத்தில் வைத்த அடைப்புகளும் வெளுக்காது என்று அந்த மருத்துவமனையில் எனக்கு முன்னரே சொல்லவில்லை. சுற்றியுள்ள பற்கள் வெளுத்தபின் அது மட்டும் மஞ்சளாகத் தனித்து நின்றது. மாற்றுவதற்கு வேறு மருத்துவரிடம் சென்றபோது, நிறம் நிலைப்படட்டும் என்று இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார். செலவு இரட்டிப்பானது.

பாலக்கோட்டான்:
இருவருக்கும் நன்றி. கல்லுப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து தேய்த்தால் போதும் என்கிறார் அம்மா. அது பலன் தருமா? காபியை விட்டுவிட வேண்டுமா?

ஜெயநகர் பல் மருத்துவர்:
தயவுசெய்து எலுமிச்சையைத் தொடாதீர்கள். வாயில் அமிலம் கூடி, பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். அப்படி மென்மையான பரப்பை உப்பால் அரைத்தால், எனாமல் தேய்ந்து அதன் அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் மேலும் வெளியே தெரியும். கரித்தூள் பற்பொடிகளைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

காபியை விட வேண்டியதில்லை. சிகிச்சை நடக்கும் நாட்களில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, ஒரு டபரா காபியை மேசையில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் உறிஞ்சாமல், ஒரேயடியாகக் குடித்துவிட்டுத் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். வெற்றிலைப் பாக்கும் புகையும் இருந்தால்தான் சிக்கல். இப்போதே ஒரு மருத்துவரிடம் காட்டி, காரையை அகற்றிச் சுத்தம் செய்துகொண்டு, கார்த்திகைக்குள் வெளுப்பை முடித்துவிடுங்கள்; மீதமுள்ள திட்டுகளுக்கு மார்கழி கைவசம் இருக்கும்.